மாத்திரை சாப்பிட்டபின் வரும் தடிப்பு: எதைக் கண்டு பதற வேண்டும், எதற்குப் பொறுக்கலாம்?

மருந்து சாப்பிட்டு ஒரு வாரத்தில் உடம்பெல்லாம் சிவந்து அரித்தால், நம் வீடுகளில் முதல் விசாரணை சாப்பாட்டைப் பற்றித்தான். இறால் சாப்பிட்டாயா, கருவாடு சாப்பிட்டாயா, உடம்புச் சூடா? கூடவே காய்ச்சலும் இருந்தால் அம்மை என்று முடிவாகி, வாசலில் வேப்பிலை தொங்கிவிடும். மருந்தின் மேல் சந்தேகம் வரும்போது அதே மருந்து இன்னும் ஏழெட்டு வேளை உள்ளே போயிருக்கும். பெரும்பாலான தடிப்புகளில் இந்தத் தாமதத்தால் அரிப்பு கூடுவதோடு சரி. அரிதான சிலவற்றில் கண்பார்வை போகும், உயிரும் போகும்.

தடிப்பைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி "இது அலர்ஜியா?" என்று கேட்பவர்கள் பலர். படத்தை மட்டும் பார்த்து அனுபவமுள்ள தோல் மருத்துவரால்கூட உறுதி சொல்ல முடியாது. வைரஸ் வந்தாலும் மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டாலும் தோல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிவக்கும். காரணத்தைக் காட்டிக்கொடுப்பவை மூன்று: மருந்து தொடங்கி எத்தனை நாளில் வந்தது, என்ன வடிவத்தில் வந்தது, தோலைத் தவிர உடம்பில் வேறு என்ன நடக்கிறது.

உடம்புக்குள் நடப்பது என்ன?

மருந்தால் தோலில் வரும் எல்லாமே ஒவ்வாமை அல்ல. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிடுபவரின் முகமும் புறங்கையும் வெயிலில் எரிந்து கறுப்பதும், மார்ஃபின் ஊசி போட்டவருக்கு உடம்பு அரிப்பதும் அந்த மருந்துகளின் நேரடி விளைவுகள். ஒவ்வாமை என்பது உடம்பின் தற்காப்பு அமைப்பு மருந்தைப் பகையாக எண்ணித் தாக்குவது. அது பெரும்பாலும் இரண்டு வழிகளில் நடக்கிறது.

1. உடனடி வழி. ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் புரதம் மருந்தை அடையாளம் கண்டதும், அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் கொட்டுகிறது. சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் தடிப்பு எழும்பும்.

2. தாமத வழி. டி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்கள் மருந்தைப் "பழகி", பெருகி, பிறகு தோலைத் தாக்குகின்றன. முதல் முறை இதற்குப் பல நாள்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். அடுத்த முறை அதே மருந்தைச் சாப்பிட்டால் ஓரிரு நாளிலேயே வரலாம்.

இந்த இரண்டாவது வழியை விளங்கிக்கொண்டால், நாம் அடிக்கடி கேட்கும் இரண்டு வாதங்கள் நிற்காமல் போகும். "போன தடவையும் இதே மருந்துதான், ஒன்றும் ஆகவில்லையே" என்பது ஒன்று. உடம்பு அந்த மருந்தைப் பழகிக்கொண்டதே போன தடவையாக இருக்கலாம். "மாத்திரை முடிந்து இரண்டு நாள் ஆகிறது, இப்போதுதான் தடிப்பு வந்தது" என்பது மற்றொன்று. மருந்து நின்றாலும், கிளம்பிவிட்ட அணுக்கள் நிற்பதில்லை. ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் முடித்தவருக்கு ஏழாம் நாள் தடிப்பு வருவது மிகச் சாதாரணம்.

நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள்

தடிப்பு தொடங்கிய நாளிலிருந்து பின்னோக்கிப் போய், புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு மருந்தையும் எழுதுங்கள். எட்டு வாரம் வரை போக வேண்டும். தோல் மருத்துவர் முதலில் செய்வதும் இதைத்தான்.

1. நிமிடங்கள் முதல் சில மணி நேரம்: காணாக்கடி, உதடும் கண்ணிமையும் வீங்குதல்.
2. அரை மணி முதல் ஒரு நாளுக்குள், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்: நிலைத்த மருந்துத் தடிப்பு.
3. 4 முதல் 14 நாள்: தட்டம்மை போன்ற தடிப்பு. மருந்தால் வரும் தோல் எதிர்விளைவுகளில் மிகப் பெரும்பான்மை இதுதான்.
4. 4 முதல் 28 நாள்: தோல் உரியும் கடுமையான வகை.
5. 2 முதல் 8 வாரம்: காய்ச்சலோடு கல்லீரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளையும் தாக்கும் டிரெஸ் என்ற வகை.

பத்து வருடமாக மாற்றமே இல்லாமல் சாப்பிட்டுவரும் மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையின் மேல் சந்தேகப்படுவதில் பொருளில்லை. மூன்று வாரத்துக்கு முன் சேர்ந்த, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைதான் விசாரிக்கப்பட வேண்டியது. இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. ரத்த அழுத்தத்துக்கு மலேசியாவில் பரவலாகத் தரப்படும் பெரிண்டோபிரில் வகை மருந்துகள், பல மாதம், ஏன் பல வருடம் கழித்தும், திடீரென்று உதட்டையும் நாக்கையும் வீங்க வைக்கலாம். அரிப்போ தடிப்போ இருக்காது. இது ஹிஸ்டமின் வேலை இல்லை; பிராடிகைனின் என்ற வேறொரு பொருள் தேங்குவதால் வருவது. ஆகவே வழக்கமான அலர்ஜி மாத்திரை பலன் தராது. நாக்கு வீங்கினால் மூச்சுக்குழாய் அடைபடும் முன் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பிறகு 'பிரில்' என்று முடியும் மருந்து எதையுமே அவர் வாழ்நாளில் தொடக் கூடாது.

நம் நிறத்தில் எப்படித் தெரியும்?

மருத்துவ நூல்களும் இணையப் படங்களும் காட்டும் 'இளஞ்சிவப்புத் தடிப்பு' பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தது. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்தச் சிவப்பு கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோதான் தெரியும். சில சமயம் நிறமாற்றமே கண்ணுக்குப் படாது. இணையப் படத்தோடு ஒப்பிட்டு "நமக்கு அப்படியில்லை" என்று விட்டுவிடுவது இதனால்தான் நடக்கிறது. சின்ன விஷயமாகத் தெரியலாம்; ஆனால் நம்மவரில் தாமதம் நேர்வதற்கு இது ஒரு உண்மையான காரணம்.

ஆகவே கண்ணோடு கையையும் பயன்படுத்துங்கள். புறங்கையால் தடவினால் மேடும் சொரசொரப்பும் சூடும் தெரியும். வயிற்றிலும் முதுகிலும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். குழல் விளக்கு நிறத்தை ஏமாற்றும். உள்ளங்கை, கண்ணின் வெள்ளைப் பகுதி, கீழ் இமையின் உட்புறம், உதட்டின் உட்புறம் ஆகிய இடங்களில் சிவப்பு எந்த நிறத்தவருக்கும் மறையாது. தடிப்பு ஆறியபின் கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்பதும் நம் தோலுக்கு இயல்பு. அது நோய் தொடர்வதன் அடையாளம் அல்ல.

அடிக்கடி வரும் வடிவங்கள்

தட்டம்மை போன்ற தடிப்பு மார்பிலும் முதுகிலும் தொடங்கி, கை கால்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே சீராகப் பரவும். அரிக்கும். லேசான காய்ச்சல் இருக்கலாம். அமாக்ஸிசிலின் போன்ற பென்சிலின் வகைகள், சல்ஃபா ஆன்டிபயாட்டிக், வலிப்பு மருந்துகள் ஆகியவை வழக்கமான காரணங்கள். மருந்தை நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரத்தில் தோல் லேசாக உதிர்ந்து ஆறிவிடும்.

காணாக்கடி திட்டுத் திட்டாக எழும்பி, ஒரு இடத்தில் அடங்கி இன்னொரு இடத்தில் கிளம்பும். ஒரு திட்டு 24 மணி நேரத்துக்கு மேல் அதே இடத்தில் நிற்காது. பேனாவால் ஓரத்தை வரைந்துவைத்து மறுநாள் பாருங்கள். அப்படியே நின்றால் அது காணாக்கடியாக இருக்க வாய்ப்பில்லை. காணாக்கடியோடு மூச்சிரைப்பு, தொண்டை அடைப்பு, வாந்தி, தலைசுற்றல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது அனஃபைலாக்சிஸ். உடனே 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள். அதற்கு முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான். அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது.

நிலைத்த மருந்துத் தடிப்பைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். வட்டமாக, கருஊதா நிறத்தில், ஒன்றோ இரண்டோ வரும். உதடு, கை, பிறப்புறுப்பு ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். ஆறியபின் கறுப்பு வட்டம் நிற்கும். அந்த மருந்தை மறுபடி சாப்பிட்டால் அதே வட்டம் சில மணி நேரத்தில் மீண்டும் எரியும். வலி மாத்திரைகள், டெட்ராசைக்ளின், சல்ஃபா, ஏன் பாரசிட்டமோல்கூடக் காரணமாகலாம். மாதவிலக்கு வலிக்கு மெஃபெனமிக் அமிலம், அதாவது நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பொன்ஸ்டான், சாப்பிடும் பெண்ணுக்கு மாதாமாதம் உதட்டில் அதே இடம் கறுத்தால், அது மாதவிலக்கோடு வருவதாகத்தான் வீட்டில் பேசிக்கொள்வார்கள். ஆணுக்குப் பிறப்புறுப்பில் வந்தால் பால்வினை நோயோ என்ற சந்தேகம் கணவன் மனைவிக்குள் புகுந்துவிடுகிறது. குற்றவாளி பல்வலிக்குப் போட்ட ஒரு மாத்திரையாக இருக்கலாம். வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் காட்டினால் ஒரு சந்திப்பிலேயே தீரக்கூடிய சிக்கல் இது.

அரிப்பு குறைந்து வலி கூடினால்

அரிக்கும் தடிப்பைவிட வலிக்கும் தடிப்பு ஆபத்தானது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

1922இல் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், காய்ச்சலோடு வாயும் கண்ணும் புண்ணாகி, உடம்பெல்லாம் தடிப்பு வந்த இரண்டு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். 1956இல் லயல் என்ற மருத்துவர், வெந்நீர் பட்டதுபோல் தோல் தாள் தாளாக உரியும் நிலையை விவரித்தார். இரண்டும் ஒரே நோயின் இரண்டு அளவுகள் என்று இப்போது கருதப்படுகின்றன. உரிந்த தோல் உடம்பின் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய். 30 விழுக்காட்டைத் தாண்டினால் டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸ். நடுவில் இருப்பது இரண்டும் கலந்தது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சிலருக்கே வருகிறது. ஆனால் கடுமையான வகை வந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இறக்கிறார். பிழைத்தவர்களிலும் பலருக்குக் கண் உலர்வும் தழும்பும் வாழ்நாள் துன்பமாகத் தொடர்கின்றன.

இதன் முதல் இரண்டு மூன்று நாள் சாதாரண சளிக்காய்ச்சல் போலவே இருக்கும்: காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல். தோலில் அப்போது ஒன்றுமே இருக்காது. புது மருந்து தொடங்கி எட்டு வாரத்துக்குள் கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும், அடுத்த வேளை மருந்தைப் போடாமல், மருந்துப் பொட்டலங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

1. தொட்டால் வலிக்கும் தோல், நடுவில் கருத்த வட்டங்கள், கொப்புளங்கள்.
2. வாய்க்குள் புண், உதட்டில் ரத்தப் பொருக்கு, எச்சில் விழுங்க முடியாமை.
3. கண் சிவந்து எரிதல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை.
4. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், பிறப்புறுப்பில் புண்.
5. தடிப்போடு விடாத கடும் காய்ச்சல்.
6. முகம் வீங்குதல், கழுத்தில் நெறி கட்டுதல், கண் மஞ்சளாதல். இவை டிரெஸ் வகையின் அடையாளங்கள். அதில் தோல் உரிவதைவிடக் கல்லீரல் கெடுவதே பெரிய அபாயம்.

கோலாலம்பூர் மருத்துவமனையிலும் பினாங்கு பொது மருத்துவமனையிலும் தோல் சிகிச்சைப் பிரிவு உண்டு. அதற்காக செந்தூலிலிருந்தோ பிறையிலிருந்தோ நேராக அங்கேதான் போக வேண்டும் என்றில்லை. பக்கத்தில் எந்த அவசரப் பிரிவு இருக்கிறதோ அங்கே போனால், தேவைக்கேற்ப அவர்களே அனுப்புவார்கள். காரணமான மருந்து எவ்வளவு சீக்கிரம் நிற்கிறதோ அவ்வளவுக்குப் பிழைக்கும் வாய்ப்பு கூடும். மற்ற எந்தச் சிகிச்சையும் அதற்குப் பிறகுதான்.

அம்மையா, டிங்கியா, மருந்தா?

சின்னம்மையில் நீர் கோத்த கொப்புளங்கள் அலை அலையாக வரும். புதியதும் பொருக்கு தட்டியதும் ஒரே நேரத்தில் கலந்திருக்கும். தட்டம்மையில் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு ஆகியவை மூன்று நாலு நாள் முன்னால் வந்து, பிறகு காதின் பின்னாலும் முகத்திலும் தடிப்பு தொடங்கிக் கீழே இறங்கும். டிங்கியில் காய்ச்சல் தணியும் நேரத்தில் பரவலான சிவப்பும் நடுநடுவே வெளிறிய புள்ளிகளும் தெரியும்.

ஆனால் இவை எல்லாம் கலந்து குழப்பும். காய்ச்சல் வந்தவர் எப்படியும் மருந்து சாப்பிட்டிருப்பார். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட குழந்தைக்குத் தடிப்பு வந்தால் அது வைரஸா மருந்தா என்று பிரிப்பது மருத்துவருக்கே கடினம். ஆகவே வீட்டில் செய்ய வேண்டியது நோயைத் தீர்மானிப்பது அல்ல. அம்மனுக்குச் செய்யும் வேண்டுதலும் வேப்பிலையும் அவரவர் நம்பிக்கை. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதோடு மருத்துவரையும் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். அம்மை என்று எண்ணி மூன்று நாள் அறைக்குள் படுக்க வைத்திருந்தவருக்கு உதடு பொருக்காகித் தோல் உரியத் தொடங்கினால், அந்த மூன்று நாளைத் திரும்பப் பெற முடியாது.

இரண்டு மருந்துகளும் நம் மரபணுவும்

கடுமையான வகைக்குக் காரணமாக உலகெங்கும் திரும்பத் திரும்பப் பதிவாகும் பெயர்கள் அலோபியூரினால், கார்பமசெபின், ஃபெனிடோயின், லமோட்ரிஜின், கோட்ரைமாக்சசோல் என்ற சல்ஃபா மருந்து. இவற்றில் முதல் இரண்டைப் பற்றி மலேசியாவில் வாழும் எவரும் தெரிந்திருப்பது நல்லது.

கார்பமசெபின் வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் தரப்படுவது. எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த மருந்தால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வரும் அபாயம் பல மடங்கு அதிகம் என்பது 2004இல் தைவான் ஆய்வில் தெரியவந்தது. சீனர், மலாய்க்காரர் இடையே இந்த வகை அதிகம். இந்தியரிடம் அதைவிடக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. மலேசிய இந்தியரிடையேயும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. "அது சீனர்களுக்குத்தானே" என்று விட்டுவிடக் கூடாது. மருந்து தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். அந்த வகை இல்லையென்று வந்தாலும் முதல் சில வாரம் கவனம் வேண்டும்.

அலோபியூரினால், யூரிக் அமிலம் மூட்டில் தேங்கி வலிக்கும் கௌட் நோய்க்குத் தரப்படுவது. இதற்கும் எச்.எல்.ஏ.-பி 58:01 என்ற மரபணு வகைக்கும் உள்ள தொடர்பு 2005இல் வெளியானது. முழு உடல் பரிசோதனையில் யூரிக் அமிலம் சற்றுக் கூடியிருப்பதாகக் காட்டியதுமே, மூட்டில் ஒரு வலியும் இல்லாதவர்கள் மாத்திரை கேட்டு வாங்குவது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. வலியோ சிறுநீரகக் கல்லோ இல்லாமல் எண் மட்டும் கூடியிருந்தால் பொதுவாக இந்த மருந்து தேவையில்லை. தேவையில்லாத மருந்துக்கு இவ்வளவு பெரிய விலையை ஒருவர் கொடுப்பதுதான் பொறுக்க முடியாதது. உண்மையாகவே கௌட் உள்ளவர்களுக்கு இது நல்ல மருந்து. ஆனால் குறைந்த அளவில் தொடங்க வேண்டும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் குறைவாக. நீரிழிவால் சிறுநீரகம் தளர்ந்தவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள்.

பொட்டலத்தில் பெயர் இருக்கட்டும்

தனியார் கிளினிக்கில் மருத்துவரே மருந்தும் தருவது இந்நாட்டு வழக்கம். சிறு பிளாஸ்டிக் பையில் "காய்ச்சல் மருந்து", "வலி மருந்து" என்று மட்டும் எழுதி வந்தால், தடிப்பு வந்த அன்று எதைச் சந்தேகிப்பது? வாங்கும்போதே மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்க வேண்டியதில்லை, கேட்பது நோயாளியின் உரிமை. பையைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துவைப்பது இன்னும் நல்லது.

பட்டியலில் ஆங்கில மருந்தை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். நாட்டு மருந்து, ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்து, சீன மருந்துக்கடைத் தூள், சத்து மாத்திரை, கண் சொட்டு மருந்து, ஸ்கேன் எடுக்கும்போது போட்ட சாய ஊசி எல்லாம் சேர வேண்டும். 'இயற்கையானது' என்று விற்கப்படும் பொருள்களில் ஸ்டீராய்டும் வலி மருந்தும் ஒளித்துக் கலந்திருப்பதை என்.பி.ஆர்.ஏ. எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பலமுறை கண்டறிந்து அறிவித்திருக்கிறது. உறையில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் பாதுகாப்பு முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மருந்தைத் தானாக நிறுத்தலாமா? மேலே சொன்ன ஆபத்து அடையாளம் இருந்தால் அடுத்த வேளை வேண்டாம், நேராக மருத்துவமனை. அவை இல்லாமல் அரிப்புத் தடிப்பு மட்டும் என்றால் அன்றைக்கே மருந்து தந்தவரைக் கேளுங்கள். வலிப்பு, இதயம் ஆகியவற்றுக்கான மருந்தைச் சொல்லாமல் நிறுத்தினால் வேறு ஆபத்து வரும்.

அட்டையும் பதிவும்

ஒவ்வாமை உறுதியானால் அரசாங்க மருத்துவமனையில் மருந்தாளர் ஓர் ஒவ்வாமை அட்டை தருவார். மருந்தின் பெயரும் என்ன நடந்தது என்பதும் அதில் இருக்கும். அதை அடையாள அட்டையோடு பணப்பையில் வையுங்கள். பினாங்கில் பதிவான விவரம் கோலாலம்பூர் கிளினிக்கின் திரையில் தானாக வந்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

உறுதியாகாத முத்திரையும் கெடுதல் செய்யும். பென்சிலின் ஒவ்வாமை என்று சொல்லிக்கொள்பவர்களை முறையாகச் சோதித்தால், பத்தில் ஒன்பது பேருக்கு அது ஒத்துக்கொள்கிறது என்பது பல நாட்டு அனுபவம். சிறுவயதில் வந்த வைரஸ் தடிப்பு வாழ்நாள் முத்திரையாகி, பிறகு தேவைப்படும் நேரத்தில் வீரியம் மிக்க, விலை கூடிய மருந்தையே நாட வைக்கிறது. ஆகவே "எனக்கு அலர்ஜி" என்று மட்டும் சொல்லாமல், எந்த மருந்து, எத்தனையாம் நாள், என்ன வந்தது என்று சொல்லுங்கள். வீட்டில் தானாகச் சோதித்துப் பார்க்க மட்டும் வேண்டாம்.

மலேசியாவில் மருந்துகளின் தீய விளைவுகளை ஆராயும் தேசியக் குழு 1987இல் தொடங்கியது. 1990இல் நாடு உலகச் சுகாதார நிறுவனத்தின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் சேர்ந்தது. மருத்துவர் மட்டுமல்ல, மருந்து சாப்பிட்டவரும் கான்செர்ஃப் என்ற பயனீட்டாளர் படிவத்தின் வழி என்.பி.ஆர்.ஏ.வுக்கு அறிவிக்கலாம். ஒவ்வாமைதான் என்று நிரூபித்த பிறகே எழுத வேண்டும் என்பதில்லை, சந்தேகம் போதும்.

அலோபியூரினாலோ கார்பமசெபினோ தோலை உரித்த ஒருவர் வீட்டில் இருந்தால், அவருடைய உடன்பிறப்புகளும் பிள்ளைகளும் அதே மரபணு வகையைப் பெற்றிருக்கக்கூடும். அடுத்த முறை கிளினிக்கில் உட்காரும்போது, "என் அண்ணனுக்கு இந்த மருந்தால் தோல் உரிந்தது" என்பதை, மருத்துவர் கேட்காமலே அவர்கள் சொல்லிவிட வேண்டும்.